கிராபிக்ஸ் கார்டு கூலரை மாற்றலாமா? அளப்பதில் தொடங்கிப் பொருத்தி முடிப்பது வரை

2013 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் ரேடியான் ஆர்9 290எக்ஸ் என்ற கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. அன்றைக்கு இருந்த வேகமான சிப்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருந்த கூலர் அந்தச் சிப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. 95 டிகிரி வரை சூடாவது இயல்புதான் என்று நிறுவனமே சொன்னது. அந்த அளவைத் தொட்டதும் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தமோ பக்கத்து அறை வரை கேட்கும். சில வாரங்கள் கழித்து, கார்டு தயாரிக்கும் மற்ற நிறுவனங்கள் அதே சிப்பின் மேல் இரண்டு மூன்று ஃபேன் கொண்ட சொந்தக் கூலர்களை வைத்து விற்றன. அவற்றில் நல்லவற்றில் வெப்பம் எழுபதுகளுக்கு இறங்கியது, சத்தமும் அடங்கியது. சிப் அதேதான், கூலர்தான் வேறு.

கூலரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு வந்தது இப்படிப்பட்ட கார்டுகளால்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ப்ளோயர் (ஒற்றை ஃபேன் கூலர் உள்ள) கார்டுக்கு நான் பெரிய கூலர் ஒன்றைப் பொருத்தினேன். 83 டிகிரியில் நின்ற சிப் 62-க்கு வந்தது. இரண்டு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு ஒரு மே மாத மதியம் திரையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. திறந்து பார்த்தால், மெமரி சிப் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சிறிய ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) கழன்று விழுந்திருந்தது. ஒட்டுவதற்கு முன் அந்தச் சிப்பை நான் சரியாகத் துடைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரே எண் 62. அது நடுச் சிப்பின் வெப்பம் மட்டும்தான். மெமரியின் வெப்பத்தைச் சொல்ல அந்தக் கார்டில் சென்சாரே கிடையாது.

இந்த வழிகாட்டியை எழுதக் காரணம் அதுதான். எது சூடாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கூலர் மாற்றம் வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை. அதற்கு முன்னால் உள்ள படிகளிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

ஸ்டாக் கூலர் என்றால் கார்டு வாங்கும்போதே அதில் இருப்பது. ஆஃப்டர்மார்க்கெட் என்ற சொல்லை இரண்டு பொருளில் சொல்கிறார்கள். என்விடியாவோ ஏஎம்டியோ வடிவமைத்த மூலக் கார்டுக்குப் பதிலாக ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சஃபையர் போன்ற நிறுவனங்கள் தங்கள் கூலரோடு விற்கும் கார்டையும் அப்படிச் சொல்வார்கள். தனியாக ஒரு கூலரை வாங்கி நாமே பொருத்துவதையும் அப்படித்தான் சொல்வார்கள். முதலாவது கடையில் எடுக்கிற முடிவு, இரண்டாவது வீட்டு மேசையில் செய்கிற வேலை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

கூலர் வகைகளில் முதலில் அறிய வேண்டியது ப்ளோயர். ஒரே ஒரு உருளை ஃபேன் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றை இழுத்து, மூடிய குழாய் போன்ற உறைக்குள் செலுத்தி, கார்டின் பின்பக்கத் துளைகள் வழியாக வெளியே தள்ளும். சத்தம் அதிகம், ஹீட்சிங்க் சிறியது. ஆனால் சூட்டின் பெரும்பகுதி கேபினெட்டை விட்டே வெளியேறிவிடும். அடுத்தது இரண்டு மூன்று ஃபேன் கொண்ட திறந்த கூலர். அது காற்றைத் தகடுகளின் மேல் ஊதும், சூடான காற்று நாலாபக்கமும் கேபினெட்டுக்குள்ளேயே சிதறும். என்விடியா 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் தன் சொந்தக் கார்டுகளுக்கு ப்ளோயரை விட்டு இரட்டை ஃபேனுக்கு மாறியது. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு இன்னொரு நல்ல உத்தியைக் கொண்டுவந்தது. சர்க்யூட் போர்டைக் குட்டையாக்கி, மீதி நீளத்தில் ஒரு ஃபேன் காற்றைத் தகடுகளின் ஊடே ஊதி மறுபக்கம் வெளியேற்றும்படி செய்தது.

தனிக் கூலர்களின் காலம் ஏறத்தாழ 2010 முதல் 2018 வரை செழித்தது. ஆர்க்டிக் நிறுவனத்தின் அக்செலெரோ எக்ஸ்ட்ரீம் வரிசையில் மூன்று 92 மிமீ ஃபேன்கள் இருந்தன. ராய்ஜின்டெக் மார்ஃபியஸில் 12 ஹீட் பைப் (சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்), அதன் மேல் நமக்குப் பிடித்த இரண்டு 120 மிமீ ஃபேன்களைப் பொருத்திக்கொள்ளலாம். என்இசட்எக்ஸ்டி கிராக்கன் ஜி10, ஜி12 என்பவை வெறும் பிடிமானச் சட்டங்கள். சிபியு-வுக்கான தண்ணீர்க் கூலரைக் கிராபிக்ஸ் சிப்பின் மேல் மாட்ட உதவியவை. பிறகு கார்டு நிறுவனங்களின் சொந்தக் கூலர்களே பெரிதாகிவிட்டன. 450 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு மூன்று ஸ்லாட் (கேபினெட்டில் மூன்று கார்டுகளுக்கான இடம்) தடிமனில் கூலர் வருகிறது. அதைக் கழற்றிவிட்டு எல்லாக் கார்டுக்கும் பொதுவான ஒரு கூலரை வைப்பதில் பலனே இல்லை. ஆகவே இன்று இந்த வேலை பொருந்துவது மூன்று பேருக்கு: பழைய ப்ளோயர் கார்டு வைத்திருப்பவர், ஃபேன் செத்துப்போன கார்டு வைத்திருப்பவர், குட்டி ஹீட்சிங்க்கோடு மலிவாக விற்ற கார்டை வாங்கியவர்.

படி 1: அளந்து எழுதுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ, ஜிபியு-இசட் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒன்றை நிறுவி, நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சிப் வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே மிகச் சூடான புள்ளியின் வெப்பம்), மெமரி வெப்பம் (காட்டினால்), ஃபேன் சுழற்சி, வாட் அளவு, கிளாக் வேகம் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏழாவதாக அறையின் வெப்பத்தையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த ஏழாவதைத்தான்.

அறை வெப்பம் ஏன் முக்கியம்? அதே வாட், அதே ஃபேன் வேகம் என்றால், அறையைவிடச் சிப் எத்தனை டிகிரி அதிகம் என்ற வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது. ஐரோப்பாவில் ஒருவர் 22 டிகிரி அறையில் சோதித்து 70 டிகிரி என்று எழுதினால் வித்தியாசம் 48. சென்னையிலோ மதுரையிலோ மே மாதம், ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும்போது அதே கார்டு, அதே கூலர் 83 காட்டும். அதைப் பார்த்துக் கார்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். கூலர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது.

எண்களை எப்படிப் படிப்பது? ஜிடிஎக்ஸ் 1080 போன்ற கார்டுகள் 83 டிகிரியை இலக்காக வைத்துக்கொண்டு அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக் கூட்டும். அதனால் ப்ளோயர் கார்டில் எப்போதும் 83 என்றே தெரிந்தால் வெப்பத்தை விட்டுவிட்டுக் கிளாக் வேகத்தைப் பாருங்கள். உண்மையான இழப்பு அங்கேதான் தெரியும். ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி காலத்திலிருந்து ஏஎம்டி கார்டுகளில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரி வரை அனுமதிக்கப்பட்டது. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் கார்டு வேகத்தைக் குறைக்கும்.

ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால், சிப் வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10 முதல் 15 டிகிரி என்றால் நலம். 25, 30 என்று போனால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தொடுகை கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தடவும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கலாம், ஸ்க்ரூ ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம். அதற்குப் புதுக் கூலர் தேவையில்லை. (ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் எண் மென்பொருளுக்குக் கிடைப்பதில்லை. அங்கே வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.)

படி 2: கார்டைத் திறக்காமல் செய்யக்கூடியவை

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை அதே அரை மணி நேரம் ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட், கார்டு இல்லை. முன்பக்கம் கண்ணாடியால் மூடி, காற்று உள்ளே வர வழியே இல்லாத கேபினெட்டுகள் நம் கடைகளில் ஏராளம். முன்னால் இரண்டு 120 மிமீ ஃபேன் போடுவது எந்த ஆஃப்டர்மார்க்கெட் கூலரையும்விட மலிவு.

அடுத்தது அன்டர்வோல்ட், அதாவது சிப்புக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜைக் குறைப்பது. இதைச் செய்யாமல் கூலருக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிப் எடுக்கும் மின்சாரம், வோல்ட்டேஜின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடும், குறையும். 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே வேகத்தில் 0.90 வோல்ட்டில் ஓடவைத்தால், கணக்குப்படி அதன் மின்செலவில் கால்வாசிக்கு மேல் குறைகிறது. அந்தக் கால்வாசி சூடு பிறக்கவே இல்லை, அதனால் அதை வெளியேற்றக் கூலரும் வேண்டியதில்லை. என்விடியா கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் வோல்ட்டேஜ் வளைவைத் திறந்து, 0.90 வோல்ட் புள்ளியை நீங்கள் விரும்பும் வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் இருப்பதைத் தட்டையாக்க வேண்டும். ஏஎம்டி கார்டுக்கு அதன் அட்ரினலின் மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதம். கேம் நின்றுபோனால் வோல்ட்டேஜை ஒரு படி ஏற்றுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் விளையாடியும் கேம் ஒரு முறைகூட நின்றுபோகாவிட்டால் போதும்.

ஃபேன் வளைவை (எந்த வெப்பத்தில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்ற அமைப்பை) திருத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். வெப்பம் 50 டிகிரி வரை ஃபேனே சுழலாத அமைப்பு பல கார்டுகளில் இருக்கிறது. கோடையில் அதை அணைத்துவிட்டு, 30 சதவீதத்தில் எப்போதும் சுழலவிடுங்கள்.

இந்த இரண்டுக்கும் பிறகு மறுபடி ஏழு எண்களையும் எழுதுங்கள். திருப்தியாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: வாரண்டியைப் பாருங்கள்

2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் மூலக் கார்டுகள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. பலர் பேஸ்ட்டைக் குறை சொன்னார்கள். கடைசியில், சில கார்டுகளின் வேப்பர் சேம்பருக்குள் (உள்ளிருக்கும் திரவத்தால் சூட்டைப் பரப்பும் தட்டையான உலோக அறைக்குள்) போதிய திரவம் நிரப்பப்படவில்லை என்று 2023 ஜனவரியில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. அந்தக் கார்டைத் திறந்து பேஸ்ட் மாற்றினால் ஒரு பயனும் இருந்திருக்காது. வாரண்டி மட்டும்தான் காப்பாற்றியது.

எனவே வாரண்டிக் காலத்தில் கார்டு அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அமெரிக்காவில், ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவது சட்டப்படி செல்லாது என்று 2018-இல் அந்நாட்டு வணிக ஆணையம் சில நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதை நம்பி இங்கே ஸ்டிக்கரைக் கிழிக்க முடியாது. கார்டு நிறுவனத்தின் இந்திய வாரண்டி விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சந்தேகமாக இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

படி 4: பேஸ்ட், பேட் மாற்றம்

வாரண்டி முடிந்த கார்டு, ஹாட்ஸ்பாட் இடைவெளி 25-க்கு மேல் என்றால் இங்கே தொடங்குங்கள். மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, பழைய டூத்பிரஷ், நுனி தேயாத பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், நல்ல பேஸ்ட், சரியான தடிமனில் தெர்மல் பேட் (மெமரி போன்ற சிப்களுக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும், வெப்பம் கடத்தும் மிருதுவான பட்டை) ஆகியவை வேண்டும். சிலருக்குப் பிளாஸ்டிக் கிடார் பிக் கைகொடுக்கும்.

சிபியு-வுக்கு மேலே உலோக மூடி இருக்கும். கிராபிக்ஸ் சிப்புக்கு மூடி கிடையாது, கண்ணாடி போல் பளபளக்கும் சிலிக்கன் நேரடியாகத் தெரியும். ஆகவே நடுவில் ஒரு பொட்டு வைத்து அமுக்கும் பழக்கம் இங்கே ஆபத்து. மூலையில் பேஸ்ட் படாத இடம் இருந்தால் அதுவே ஹாட்ஸ்பாட். மெல்லிய படலமாக முழுப் பரப்பிலும் பரப்புங்கள். வெறும் சிப்பில் நீர்த்தன்மையான பேஸ்ட், சூடேறிக் குளிர்ந்து சூடேறும்போது மெல்ல ஓரத்துக்குப் பிதுங்கிப் போகும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-6 போலக் கொஞ்சம் கெட்டியானது நல்லது. அதைவிட எனக்குப் பிடித்தது ஹனிவெல் பிடிஎம்7950. அறை வெப்பத்தில் மெல்லிய தாள் போல இருக்கும், ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிச் சிப்பின் மேல் படியும், பிதுங்கி ஓடாது. போலிகள் நிறைய வருவதால் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

திரவ உலோகத்தைத் தொடவே வேண்டாம். அதில் காலியம் இருக்கிறது. அது அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். சிப்பைச் சுற்றியுள்ள குட்டிக் கெப்பாசிட்டர்களின் மேல் ஒரு துளி பட்டால் கார்டு போய்விடும்.

பேட் விஷயத்தில் தடிமன்தான் எல்லாம். 1 மிமீ இருந்த இடத்தில் 1.5 மிமீ பேட் வைத்தால் மெமரி நன்றாகத் தொடும், ஆனால் கூலர் அரை மிமீ தூக்கிக்கொண்டு சிப்பை விட்டு விலகி நிற்கும். மெல்லியதாக வைத்தால் சிப் தொடும், மெமரி அந்தரத்தில் நிற்கும். 2021-இல் கிரிப்டோ மைனிங் சூட்டில் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளின் பேட்களை மாற்றிய பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். பழைய பேடை அளந்தால் அமுங்கிய தடிமன் கிடைக்கும், வாங்க வேண்டியது அமுங்குமுன் இருந்த தடிமன். அதே மாடலைத் திறந்தவர்கள் எழுதிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு நிச்சயமில்லை என்றால் தெர்மல் புட்டி வாங்குங்கள். சப்பாத்தி மாவு போல, எத்தனை இடைவெளி இருந்தாலும் அமுங்கி நிரப்பிக்கொள்ளும். கடினமான பேடைவிட மிருதுவான பேட் எப்போதும் பாதுகாப்பு, பெட்டியின் மேல் போட்டிருக்கும் வெப்பக் கடத்தல் எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும்.

படி 5: கூலரை மாற்றுவதென்று முடிவெடுத்தால்

முதல் கேள்வி: இப்போது இருப்பது ப்ளோயரா? ப்ளோயரை எடுத்துவிட்டுத் திறந்த கூலர் வைத்தால், இதுவரை பின்வழியாக வெளியே போன 150 முதல் 250 வாட் சூடு இனி கேபினெட்டுக்குள் கொட்டும். கார்டு குளிரும், சிபியு, எஸ்எஸ்டி, மதர்போர்டு சூடாகும். முன்னால் காற்று வரவும் பின்னால் போகவும் ஃபேன் இல்லாத கேபினெட்டில் இந்த மாற்றம் நட்டம்தான். இரண்டு மூன்று கார்டுகளை ஒட்டி ஒட்டி மாட்டும் ஒர்க்ஸ்டேஷன்களில் இன்றும் ப்ளோயரையே தேடி வாங்குவது இதனால்தான். மட்டமான கூலர் என்று அதை ஒதுக்குவது சரியில்லை, அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: தனிக் கூலரே வேண்டுமா, அல்லது ஃபேனை மட்டும் மாற்றினால் போதுமா? திறந்த கூலர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டீஷ்ரவுட். மேலே உள்ள பிளாஸ்டிக் உறையையும் அதன் மெல்லிய ஃபேன்களையும் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க்கை அப்படியே விட்டு, அதன் மேல் 25 மிமீ தடிமனுள்ள இரண்டு 120 மிமீ கேபினெட் ஃபேன்களைக் கேபிள் டையால் கட்டுவது. சிப்பைத் தொடுவதில்லை, பேஸ்ட் கலைவதில்லை, மெமரி பேட் நகர்வதில்லை. பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தள்ளும், சத்தம் வெகுவாகக் குறையும். சில கார்டுகளில் உறை கழற்ற ஹீட்சிங்க்கையே எடுக்க வேண்டியிருக்கும், அதை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமன் ஒரு ஸ்லாட் கூடும். ஃபேன் செத்த கார்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

தனிக் கூலர்தான் என்றால், வாங்குமுன் அளக்க வேண்டியவை: சிப்பைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் மைய இடைவெளி, அது கூலரின் பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும். சிப்பைச் சுற்றி ஹீட் பைப் மோதும் உயரமான காயில்கள், கெப்பாசிட்டர்கள் உண்டா. கேபினெட்டில் நீளமும் தடிமனும் போதுமா, கதவு மூடுமா, கீழே பவர் சப்ளை இடிக்குமா. இந்தக் கூலர்கள் பெரும்பாலும் இப்போது பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கும், அப்படி வாங்கும்போது ஸ்க்ரூ, ஸ்பிரிங், வாஷர் அடங்கிய பை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கூலர் வெறும் உலோகக் கட்டிதான்.

இனி நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். மெமரியையும் விஆர்எம் பகுதியையும் யார் குளிர்விப்பது? ஸ்டாக் கூலர் ஒரே தகடாக எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருக்கும். தனிக் கூலர் சிப்பை மட்டும்தான் தொடும். சிப்புக்கு வரும் மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு இறக்கும் விஆர்எம், பல பத்து வாட் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. என்விடியாவின் பழைய ப்ளோயர் கார்டுகள் பலவற்றில் ஒரு வசதி உண்டு: மெமரியையும் விஆர்எம்-ஐயும் மூடும் நடுத்தகடு தனியாக இருக்கும், சிப்பின் ஹீட்சிங்க் தனியாக இருக்கும். அந்த நடுத்தகட்டை அப்படியே விட்டுவிட்டு, சிப்பின் மேல் மட்டும் புதுக் கூலரை வைத்தால் தலைவலி பாதி குறையும். சில கூலர்கள் நடுத்தகட்டோடு இடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராக்கன் ஜி12 சட்டத்தில் விஆர்எம் பக்கம் ஊதும் 92 மிமீ ஃபேன் இருந்ததும் இதற்காகவே.

நடுத்தகடு இல்லையென்றால் குட்டி ஹீட்சிங்க்குகளை ஒவ்வொரு மெமரி சிப்பின் மேலும், விஆர்எம்-இல் சூடாகும் குட்டிச் சிப்களான மாஸ்ஃபெட் ஒவ்வொன்றின் மேலும் ஒட்ட வேண்டும். ஒட்டும் டேப் எளிது, எடுக்கவும் முடியும், ஆனால் சூட்டில் தளரும். தெர்மல் பசை தளராது, எடுக்கவும் முடியாது, இழுத்தால் சிப்போடு வரும். நான் இப்போது செய்வது: மெமரிக்குப் புது டேப், ஆனால் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, ஒவ்வொன்றையும் முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு இரவு அப்படியே விட்டுவிடுவது. கார்டைக் கேபினெட்டில் மாட்டும்போது ஹீட்சிங்க்குகள் தலைகீழாகத்தான் தொங்கும் என்பதை மறக்காதீர்கள்.

படி 6: பொருத்தும் வேலை

கார்டைப் பத்து நிமிடம் கேம் ஓடவிட்டு அணையுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும். மின்கம்பியை எடுத்து, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, ஸ்லாட்டின் பூட்டை விடுவித்துக் கார்டை எடுங்கள். ஃபேன் காற்று அடிக்கும் மேசையில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள், ஸ்க்ரூக்கள் பறக்கும். கம்பளி, பாலியஸ்டர் துணி விரித்த இடமும் வேண்டாம். கேபினெட்டின் உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். ஒரு தாளில் கார்டின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அது இருந்த இடத்திலேயே தாளில் செருகி வையுங்கள். ஸ்க்ரூக்களில் நீளம் மாறும், நீளமானதைத் தவறான துளையில் போட்டால் போர்டில் குத்தும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைக் கடைசியாக, எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை மெல்ல இடவலமாகத் திருகுங்கள், நேராகப் பிடுங்காதீர்கள். விலகியதும் முழுக்கத் தூக்கிவிடாதீர்கள், உள்ளே ஃபேன் வயரும் விளக்கு வயரும் போர்டோடு இணைந்திருக்கும். கனெக்டரைப் பிடித்து எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் போர்டில் ஊன்றி நெம்புவது கார்டுக்கு மரண அடி.

பழைய பேஸ்ட்டைத் துடைத்த பிறகு, ஒரு ஒத்திகை. சிப்பில் மெல்லிய பேஸ்ட் தடவி, கூலரை வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக இறுக்கி, மீண்டும் கழற்றிப் பாருங்கள். கூலரின் அடியில் சிப்பின் முழுச் செவ்வகமும் ஒரே சீராகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு ஓரம் தடித்திருந்தால் எங்கோ ஏதோ தூக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். இந்தக் கால்மணி நேரத்தைச் செலவழிக்கச் சோம்பல்பட்டவர்கள் பிறகு முழு நாளைச் செலவழிப்பார்கள்.

இறுதியாகப் பொருத்தும்போது, ஒரு மூலைக்கு அரைச் சுற்று, எதிர் மூலைக்கு அரைச் சுற்று என்று போங்கள். ஸ்க்ரூ தானாக நின்றதும் நிறுத்துங்கள். மூடியில்லாத சிப்பின் மூலை உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை.

ஃபேன் வயர்: கார்டில் இருப்பது குட்டி நான்கு பின் கனெக்டர், கேபினெட் ஃபேனின் கனெக்டர் அதில் நுழையாது. இதற்கென்றே விற்கும் மாற்றி வயரை வாங்கினால், கார்டே தன் வெப்பத்துக்கேற்ப ஃபேனைக் கட்டுப்படுத்தும். பின் வரிசை உங்கள் கார்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி கிடைக்காவிட்டால் மதர்போர்டில் இணைத்து, ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் சிப்பின் வெப்பத்தைப் பார்த்துச் சுழலும்படி அமைக்கலாம். எடை கூடியிருப்பதால் கார்டின் தூர முனையைத் தாங்க ஒரு முட்டுக்கால் கொடுங்கள்.

படி 7: முதல் ஓட்டம்

கேபினெட் கதவு திறந்தே இருக்கட்டும். ஆன் செய்ததும் முதலில் கண்ணால் பாருங்கள்: எல்லா ஃபேனும் சுழல்கிறதா, வயர் எதிலாவது உரசுகிறதா. விண்டோஸ் வந்ததும் சும்மா இருக்கும்போது வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். அறையைவிட 10, 15 டிகிரி கூட என்றால் சரி. 60-க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள், கூலர் சிப்பைத் தொடவில்லை.

ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளில் தொடங்காதீர்கள். அது எந்தக் கேமும் தராத சுமையை விஆர்எம்-க்குத் தரும். யூனிஜின் ஹெவன் என்ற இன்னொரு சோதனை மென்பொருள் ஐந்து நிமிடம், பிறகு கால்மணி நேரம், பிறகு உங்கள் கேம் அரை மணி நேரம். ஹாட்ஸ்பாட் இடைவெளி குறைந்திருக்க வேண்டும். சிப் குளிர்ச்சியாக இருந்தும் கணினி திடீரென்று அணைந்தாலோ திரை கறுத்தாலோ விஆர்எம்-ஐச் சந்தேகியுங்கள். புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் மெமரியை. இவற்றுக்குச் சென்சார் இல்லாத கார்டில், மல்டிமீட்டரோடு வரும் கே வகை வெப்ப வயரின் நுனியைச் சூடு தாங்கும் காப்டன் (Kapton) டேப்பால் விஆர்எம் ஹீட்சிங்க்கின் அடிப்பக்கம் ஒட்டி அளக்கலாம். 100 டிகிரியைத் தாண்டினால் அங்கே காற்று போதவில்லை, ஒரு சிறு ஃபேனைத் திருப்பிவிடுங்கள்.

இப்போது பழைய தாளை எடுத்து அருகில் வைத்து ஏழு எண்களையும் மறுபடி எழுதுங்கள். அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். மழை நாளில் செய்த சோதனையைக் கத்திரி வெயில் சோதனையோடு நேராக ஒப்பிட்டால் கூலரின் பெருமை பாதி மழைக்குச் சேர வேண்டியது.

பிறகு

முதல் மாதம் வாரம் ஒரு முறை டார்ச் அடித்து ஹீட்சிங்க்குகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தெருப்பக்க அறையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசு ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெட்டுப்போகும்.

கழற்றிய ஸ்டாக் கூலரைத் தூக்கிப் போட வேண்டாம். தாளில் செருகிய ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு, கார்டின் மாடல் எண்ணை மேலே எழுதி, கூலரோடு கட்டி அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். நாளைக்குக் கார்டை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.